வேதாளமா, மொழிபெயர்ப்பு நாவலா? வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எதை எப்போது கொடுப்பது

"ஒன்பது வயசுப் பொண்ணு, மந்திரம் மாயம்னா உசுரு. எது வாங்கலாம்?" புத்தகத் திருவிழா அரங்குகளில் ஓயாமல் காதில் விழும் கேள்வி இது. பதிலுக்கு மேசைமேல் வந்து உட்காருபவை பெரும்பாலும் இரண்டு: ஆங்கிலத்திலிருந்து வந்த தடிமனான மொழிபெயர்ப்பு நாவல் ஒன்று, விக்கிரமாதித்தன், வேதாளம் வகையறா ஒன்று. முன்னதற்கு அட்டையும் பளபளப்பு, விலையும் அதிகம். பின்னது மலிவு, அதனாலேயே கொஞ்சம் இளப்பமும்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பத்து வயது வரை வேதாளம்தான். பன்னிரண்டைத் தொட்டவர்களுக்கு மொழிபெயர்ப்பு. இடைப்பட்ட இரண்டு வருடத்துக்கு இரண்டுமே சரிப்படாது. அங்கே மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. அதைக் கடைக்காரர் தானாக எடுத்து நீட்ட மாட்டார், பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

வாக்கியம் எங்கே முடிகிறது

மாயாஜால நாவல் என்றாலே வர்ணனைதான். கோட்டை, காடு, பெட்டி, கைத்தடி என்று எல்லாவற்றுக்கும் ஒரு பூர்வகதை உண்டு. ஆங்கிலத்தில் பொருளின் பெயரைச் சொல்லிவிட்டு அதன் பூர்வகதையைப் பின்னால் தொங்கவிடலாம். தமிழில் அத்தனையும் பெயருக்கு முன்னால் வந்து வரிசை கட்டி நிற்கும். மூலத்தில் ஒரே வாக்கியம் என்பதற்காக இங்கேயும் ஒரே வாக்கியமாக வைத்தால் இப்படி வந்து முடியும்:

"மூன்று வருடங்களுக்கு முன்பு தன் மாமா வீட்டுப் பரணில் கிடைத்ததும், யாராலும் இதுவரை திறக்க முடியாததும், மூடியின்மேல் இரு பாம்புகள் செதுக்கப்பட்டதுமான அந்தப் பெட்டியை அவன் மெல்லத் தொட்டான்."

பெட்டி வருவதற்குள் 17 சொல் போய்விட்டது. பெரியவர்களின் கண் முன்னால் ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். ஒன்பது வயதுப் பிள்ளை எழுத்துக் கூட்டாமல் வாசிக்கிறவளாகவே இருந்தாலும், கிடைத்தது எது, திறக்காதது எது என்று தெரியாமலே அந்தப் பதினேழையும் நினைவில் சுமக்க வேண்டும். பக்கத்துக்கு நான்கு வாக்கியம் இப்படி வந்தால் புத்தகம் மூடப்பட்டுவிடும். காரணம் கேட்டால் "போர்" என்பாள். கதை போரடிக்கவில்லை, வாக்கியம்தான் மூச்சை வாங்கிவிட்டது.

கை தேர்ந்த மொழிபெயர்ப்பாளர் இதை உடைத்துவிடுவார். "மாமா வீட்டுப் பரணில் ஒரு பெட்டி இருந்தது. மூடியில் இரண்டு பாம்பு. மூன்று வருடமாக யாராலும் திறக்க முடியவில்லை. அவன் அதை மெல்லத் தொட்டான்." விஷயம் ஒன்றும் குறையவில்லை.

ஆகவே, வாங்குவதற்கு முன் அங்கேயே ஒரு சோதனை. முதல் அத்தியாயத்தைத் திறக்காதீர்கள். மொழிபெயர்ப்பாளரும் பிழை திருத்துபவரும் அதற்குத்தான் அதிக நேரம் கொடுத்திருப்பார்கள். பாதியைத் தாண்டி, உரையாடல் இல்லாத ஒரு வர்ணனைப் பத்தியை எடுத்துப் பிள்ளையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். ஒரே வாக்கியத்தின் நடுவில் இரண்டு தடவைக்கு மேல் நின்று மூச்சு வாங்கினாலோ, முற்றுப்புள்ளி வந்த பிறகு கண் மறுபடி தொடக்கத்துக்குப் போனாலோ, அந்தப் பதிப்பை ஒரு வருடம் தள்ளிப்போடலாம். தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் மடக்கி, ஒரே பக்கத்தில் ஐந்து மடங்கினால் கடினம் என்று கொள்ளும் ஐந்து விரல் சோதனை ஆங்கிலப் புத்தகத்துக்குச் சரி. தமிழ் மொழிபெயர்ப்பில் சொற்கள் தெரிந்தவையாகவே இருக்கும். சேர்ந்து நிற்கும் விதம்தான் இடறும்.

பக்கக் கணக்கு

பக்கத்துக்கு 200 சொல் உள்ள 300 பக்க நாவலை, நிமிடத்துக்கு 100 சொல் வீதம் நிதானமாக வாசித்துக் காட்டினால் 600 நிமிடம், அதாவது 10 மணி நேரம். ராத்திரிக்கு 20 நிமிடம் என்று வைத்தால் 30 ராத்திரி. நடுவில் காலாண்டுத் தேர்வு வந்தால் கதை அறுந்தது அறுந்ததுதான். திரும்ப எடுக்கும்போது பாதிப் பாத்திரங்கள் மறந்திருக்கும். எனவே தடிப்புத்தகம் என்றால் முழுப்பரீட்சை லீவு. அக்னி நட்சத்திரத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டிக் கொளுத்தும்போது பனிக்காடும் கணப்படுப்பும் வரும் அத்தியாயங்களுக்குத் தனி மவுசு என்பதும் உண்மை.

தொடர் நாவலில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஹாரி பாட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில மூலத்தில் முதல் பாகம் சுமார் 77,000 சொல். ஐந்தாம் பாகம் சுமார் 2,57,000. மூன்று மடங்குக்கும் மேல். 1997 முதல் 2007 வரை பத்து வருடத்தில் ஏழு பாகமும் வந்ததால் அன்றைய வாசகர்கள் கூடவே வளர்ந்தார்கள். இன்று ஏழும் ஒரே அலமாரியில் இருக்கின்றன. ஒன்பதில் தொடங்கும் பிள்ளை ஒரே வருடத்தில் நான்காம் பாகத்துக்கு வந்துவிடுகிறது. அங்கிருந்து கதை இருண்டு, சாவு நேருக்கு நேராக வருகிறது. முதல் பாகம் எளிது என்று மதிப்புரை எழுதுபவர்கள் இதையும் சேர்த்து எழுதினால் புண்ணியம். எந்தத் தொடராக இருந்தாலும், அடுத்த இரண்டு பாகம் தமிழில் கடையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முதலாவதை வாங்குங்கள். பாதியில் ஆங்கிலத்துக்குத் தாவச் சொன்னால் பல பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடும்.

பெயர்கள் வேறு. முதல் ஐம்பது பக்கத்துக்குள் இருபது அந்நியப் பெயர் வரும் நாவல்கள் உண்டு. க, ச, ட, த, ப ஒவ்வொன்றும் தமிழில் ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிக்கு நிற்பதால், கேட்டறியாத பெயரைப் பிள்ளை ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொரு மாதிரி வாசிக்கும். கடைசி வெற்றுத்தாளில் பென்சிலால் பெயர், யார், எந்தப் பக்கத்தில் வந்தார் என்று குறித்து வையுங்கள். உச்சரிப்பு சரியா தவறா என்பது முக்கியமில்லை. வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரிச் சொன்னால் போதும்.

வேதாளத்தின் பலமும் வில்லங்கமும்

ராஜா இல்லாத கோட்டை என்று கேலி பேசப்படும் ஊர் இது. ஆனால் அகழி என்றால் என்ன, மதில் எவ்வளவு உயரம் என்று வேலூர்ப் பிள்ளைக்கு விளக்க வேண்டியதில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது. ராஜா கதைக்கு இது பெரிய அனுகூலம்.

அதைவிடப் பெரிய அனுகூலம் கதையின் கட்டுமானம். வெளிக்கதை ஒன்றே ஒன்று: விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் சுமந்து வருகிறான், அது கதை சொல்லிக் கேள்வி கேட்கிறது, விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும், வாயைத் திறந்தால் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். உள்ளே வரும் ஒவ்வொரு கதையும் தனிக்கதை, சிறுவர் பதிப்பில் நாலைந்து பக்கம், பத்து நிமிட வாசிப்பு. பத்து நாள் விட்டுப்போனாலும் ஒன்றும் அறுந்துபோகாது. வாசிப்பவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கேள்வி வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டுப் பிள்ளையின் விடையைக் கேட்பது. செய்யாறு, ஆரணிப் பக்கம் தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது கைவந்த காரியம். கட்டியக்காரன் நடுவில் புகுந்து ராஜாவையே மடக்கிக் கேட்பானே, அந்த வேலைதான்.

வில்லங்கம் உள்ளடக்கத்தில். இந்தக் கதைகள் 11ஆம் நூற்றாண்டில் சோமதேவர் வடமொழியில் எழுதிய கதாசரித்சாகரத்திலேயே இருப்பவை. அந்தக் காலத்து நியாயமும் கூடவே வரும். ராஜாவின் உயிரைக் காக்க வேலைக்காரன் பெற்ற மகனையே பலி கொடுக்கும் கதை ஒன்று உண்டு. எட்டு வயதுக்கு அதை வாசித்துக் காட்டினால் கேள்வியைப் பிள்ளை காதில் வாங்காது. மகன் என்னவானான் என்பதிலேயே நிற்கும். பத்துக்கு மேல் கொடுத்தால் நல்ல வாக்குவாதம் நடக்கும். மாறாக, தலை மாறிப் பொருத்தப்பட்ட இருவரின் கதையை, பெரியவர்கள் நினைப்பதற்கு நேர்மாறாக, சின்னப் பிள்ளைகள் குஷியாகக் கேட்கும். பெண்களைப் பற்றியும் சாதியைப் பற்றியும் போகிற போக்கில் வரும் வரிகளை முன்கூட்டியே ஒரு முறை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மதனகாமராஜன் கதை பக்கத்திலேயே அடுக்கப்பட்டிருக்கும். முழுப் பதிப்பு பிள்ளைகளுக்கானதே இல்லை.

பதிப்பிலும் ஏமாறலாம். 'பெரிய எழுத்து' என்று அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்துக் குழந்தைகளுக்கென்று வாங்கிவிடுகிறார்கள். எழுத்துதான் பெரிது, நடை பழையது, பத்தி பிரிப்பது அரிது. அது பெரியவர் ஒருவர் வாசிக்க, ஊர் உட்கார்ந்து கேட்ட காலத்துக்கு அச்சானது. மறுகோடியில், மட்டமான தாளில் வரும் மலிவுப் பதிப்புகளில் மை பரவி ஞ, ணை, லை ஆகியவற்றின் சுழிகள் அடைபட்டிருக்கும். ரகரமும் காலும் ஒன்றுபோலத் தெரியும். இப்போதுதான் வாசிப்பு ஓட்டம் பிடித்த பிள்ளைக்கு இதைவிட எரிச்சல் வேறில்லை. 14 புள்ளி எழுத்து, மறுபக்கத்து அச்சு தெரியாத தாள், கதைக்கு ஒரு கோட்டோவியமாவது இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் இருபது முப்பது ரூபாய் கூடக் கொடுக்கலாம். பழைய புத்தகக் கடையில் அம்புலிமாமா சிக்கினால் யோசிக்கவே வேண்டாம். 1947 ஜூலையில் தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கிய பத்திரிகை அது. கதைகள் சின்னவை, படங்கள் தாராளம்.

நடுவில் இரண்டு வருடம்

பத்து வயதில் பிள்ளைக்குத் தனிக்கதைகள் சலித்துவிடும். ஒரே ஆளைப் பின்தொடர வேண்டும். ஆனால் 300 பக்கம் தாங்காது. இங்கேதான் இன்றைய தமிழ்ச் சிறார் நாவல்கள். சிறிய புத்தகங்கள், ஒரு வாரத்தில் முடியும். தமிழிலேயே யோசித்த வாக்கியங்கள் என்பதால் மேலே சொன்ன பெட்டிச் சிக்கலும் இல்லை.

உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' (2023இல் சாகித்திய அகாடமியின் சிறார் இலக்கிய விருதான பால சாகித்திய புரஸ்கார்) கீழடியை வைத்து மாயம் பண்ணுகிறது. சமூக அறிவியல் பாடத்தில் கீழடி வரும் வயதுக்குக் கச்சிதம். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' (2020இல் அதே விருது) பேசும் பொம்மைக் கதைபோலத் தொடங்கி, குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைப் பேசுகிறது. அவசியமான புத்தகம். ஆனால் பெற்றோர் முதலில் வாசித்துவிட்டு, பிள்ளை வாசிக்கும் நாட்களில் பக்கத்தில் இருக்க வேண்டும். பரிசாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டுப் போகும் புத்தகம் இல்லை. நம் பக்கத்தவர் ஒருவரும் உண்டு. வந்தவாசிக்காரரான மு. முருகேஷின் 'அம்மாவுக்கு மகள் சொன்ன உலகின் முதல் கதை' 2021இல் அதே விருது பெற்றது. சிறுகதைகள் என்பதால் நாவலுக்கு முந்தைய படியாக வைக்கலாம்.

தவறிப்போய்க் கொடுக்கப்படும் புத்தகம் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை: 'குட்டி இளவரசன்'. வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழாக்கிய அருமையான புத்தகம். மெலிது, படம் உண்டு, தலைப்பில் 'குட்டி' உண்டு. மூன்றையும் பார்த்து ஏழு வயதுக்கு வாங்குகிறார்கள். 27 அத்தியாயத்தில் மலைப்பாம்பும் ஆட்டுக்குட்டியும் வரும் முதல் சில அத்தியாயங்கள் எடுபடும். பிறகு கிரகம் கிரகமாகப் பெரியவர்களைக் கிண்டலடிப்பது பிள்ளைக்குப் புரியாது. பதின்மூன்றுக்குக் கொடுங்கள்.

இருமொழியும் இலவசமும்

இருமொழிப் படப் புத்தகம் ஏழு வயதுக்குள்ளானது; தமிழ் மேலே, ஆங்கிலம் கீழே. கண் எப்போதும் சுலபமான மொழிக்கே போகும் என்பதால் அட்டையால் ஒன்றை மறைத்து வாசிக்கச் சொல்ல வேண்டும். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஸ்டோரிவீவர் என்ற இலவசச் சிறார் கதை இணையதளம் இந்தப் பக்கத்துக்கு வேறொரு வகையில் பயன்படும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் வீட்டில் உருது பேசும் பிள்ளைகளும், குடியாத்தம், காட்பாடி எல்லையில் தெலுங்கு பேசும் பிள்ளைகளும் பள்ளியில் தமிழ் வாசிக்கிறார்கள். அந்தத் தளத்தில் ஒரே கதை பல சமயம் மூன்று மொழியிலும் இருக்கும். அம்மா உருதுவில் வாசித்துக் காட்டிய கதையை மறுநாள் பிள்ளை தமிழில் தானாக வாசித்தால், கதை ஏற்கெனவே தெரியும் என்பதால் கவனம் முழுக்க எழுத்தின்மேல் இருக்கும். நிலைகள் நான்கு: முதலாவது 250 சொல்லுக்குள், இரண்டாவது 600 வரை, மூன்றாவது 1,500 வரை, நான்காவது அதற்கு மேல். மொழிபெயர்ப்பில் தன்னார்வலர்கள் பங்கு அதிகம் என்பதால் தரம் ஏறி இறங்கும். கொடுப்பதற்கு முன் ஒரு தடவை வாசித்துவிடுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற வரிசைப் புத்தகங்கள் வகுப்பிலேயே இருக்கும். 'ஓடு' தடங்கலின்றி ஓடினால் ஸ்டோரிவீவரின் மூன்றாம் நிலையில் தொடங்கிப் பார்க்கலாம்.

இலவசக் கதையை ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் இரவுக் காட்சிகள் மொத்தமும் கரியாகிவிடும், அதன் மேலிருக்கும் எழுத்தோடு சேர்த்து. வெள்ளைப் பின்னணியில் எழுத்து உள்ளவற்றைத் தேர்ந்தெடுத்து, ஏ4 தாளில் படுக்கைவாட்டில் பக்கத்துக்கு இரண்டாக எடுத்து, நடுவில் மடித்து இரண்டு பின் அடித்தால் பிள்ளையின் கைக்கு அடக்கமான புத்தகம். உரிமம் தடுக்காது, எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர் பெயர் உள்ள கடைசிப் பக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.