பிரஸ்ஸா, டார்ச்சா: பழைய புல்லட்டின் வளைந்த உறுப்புகளை நிமிர்த்தும் இரு முறைகள்

திருவொற்றியூரில் தயாரான பழைய ராயல் என்ஃபீல்ட் புல்லட் மோட்டார் சைக்கிளின், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய் வளைந்திருந்தால், அதை வி-பிளாக்குகளின் (V வடிவப் பள்ளமுள்ள தாங்கு கட்டைகள்) மேல் கிடத்தி, டயல் கேஜால் (நுண்ணிய வேறுபாட்டை முள்ளால் காட்டும் அளவி) வளைவின் உச்சியைக் கண்டறிந்து, சூடேற்றாமல் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் சிறிது சிறிதாக அழுத்துவதே சரி; எஃகு சற்று மீண்டுவரும் என்பதால், நேர்கோட்டைச் சிறிது தாண்டி அழுத்தித் தளர்த்த வேண்டும். கேஸ் டார்ச்சின் வெப்பம் குரோம் பூச்சையும் குழாயின் வலுவையும் கெடுத்துவிடும். மடிப்பு விழுந்த குழாயை எம்முறையும் காப்பாற்றாது.

கால்மிதிக் கம்பி, பிரேக் பெடல் போன்ற தடித்த மென்எஃகு உறுப்புகளுக்குச் சூடாக்கும் முறையே மேல். ஆனால் எஃகு நீலம் பாயும் 300 டிகிரி செல்சியஸ் அளவில் வளைத்தால் வெடிப்பு விடக்கூடும் என்பதால், நன்கு செக்கச்சிவந்த பின்பே வளைத்து, தண்ணீரில் முக்காமல் காற்றில் ஆறவிட வேண்டும். பட்டறை அவசரத்தில் முதலில் மீறப்படுவது இதுதான்.