றொட்வைலரா, அல்சேஷனா, ஊர்நாயா? அலஸ்தோட்டத்து வீட்டுக்கு ஒரு நாய்

போன மாதம் மருமகன் திருகோணமலை அலஸ்தோட்டத்தில் புதுவீடு குடிபுகுந்தான். மூன்று பக்கமும் மதில், முன்னால் கேற். இரண்டு சின்னப் பிள்ளைகள். பகல் முழுக்க அவன் வேலையில், மனைவி பிள்ளைகளோடு தனியே. சாப்பிட்டுக் கை கழுவும்போது கேட்டான்: "மாமா, றொட்வைலர் குட்டி ஒண்டு பாத்து வச்சிருக்கிறன். எடுக்கட்டோ?"

முப்பது வருடமாக உப்புவெளியில் நாய் வளர்க்கிறேன். அல்சேஷன், லப்ரடோர், பொமரேனியன், ஊர்நாய் என்று என் வளவில் வாழ்ந்து வயதாகிப் போனவை பல. றொட்வைலரை மட்டும் நான் வளர்க்கவில்லை. அடுத்த வளவில் இருந்த என் அண்ணனின் றொட்வைலரை எட்டு வருடம் தினமும் பார்த்திருக்கிறேன். அன்று மருமகனுக்கு அரையும் குறையுமாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

முதலில், "எந்தச் சாதி நாய் கடிக்கும்?" என்று கேட்டால் சரியான பதில் வராது. கேற்றடியில் வந்த அந்நியரைப் பார்த்துப் பாய்வது ஒன்று. சாப்பாட்டுக் கோப்பைக்குக் கிட்டப் போன வீட்டுப் பிள்ளையைக் கடிப்பது இன்னொன்று. பயந்து மூலைக்குள் ஒதுங்கிய நாய் கடிப்பது வேறு, தெருவில் மற்ற நாயைக் கண்டால் கட்டுக்கடங்காமல் போவது வேறு. ஒன்றில் மோசமான நாய் மற்றதில் தங்கமாக இருக்கும். ஆகவே நாய்களை ஒப்பிடும்போது எந்த இடத்தில், யாரோடு என்று பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

அல்சேஷனில் தொடங்குகிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் பெரிய நாய் என்றால் இன்றும் பலருக்கு அதுதான். ஜேர்மன் ஷெப்பேர்ட் என்பதுதான் சரியான பெயர். 1899 இல் மாக்ஸ் ஃபொன் ஸ்டெஃபானிட்ஸ் என்ற ஜேர்மன் குதிரைப்படை அதிகாரி இந்த இனத்துக்குச் சங்கம் அமைத்தார். முதலாம் உலகப்போருக்குப் பின் ஜேர்மன் என்ற சொல்லே பிரித்தானியருக்குக் கசந்ததால் அல்சேஷன் என்று மாற்றினார்கள். அவர்களே 1977 இல் பழைய பெயருக்குத் திரும்பிவிட்டார்கள், நாங்கள் திரும்பவில்லை.

இந்த நாயின் பழைய வேலையைத் தெரிந்துகொண்டால் அதன் குணம் விளங்கும். ஆடு மேயும் நிலத்துக்கும் பயிர் நிலத்துக்கும் இடையில் வேலி இல்லாத இடத்தில், நாள் முழுக்க எல்லையில் ஓடி ஓடி ஆட்டை உள்ளே வைத்திருப்பதுதான் அதன் வேலை. நாயே வேலி. அதனால்தான் என் அல்சேஷன் றொனி மதிலோரமாக மண்ணில் தடம் விழும்வரை ஓடினான். ஓடும் பிள்ளையின் குதிக்காலைக் கவ்வப் பார்ப்பதும், சைக்கிள் சக்கரத்தைக் கண்டால் உடல் விறைப்பதும் அதே பழக்கம்தான்.

றொனி ஒரே ஒரு முறை கடித்தான். காலையில் மீன்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தார். தினமும் வருபவர், தினமும் றொனி குலைப்பான், அவ்வளவுதான். அன்று நான் கேற்றைத் திறந்து வைத்துக்கொண்டு அவன் கழுத்துப்பட்டியை இழுத்துப் பிடித்திருந்தேன். இழுக்க இழுக்க அவன் முன்னங்கால் நிலத்தை விட்டு எழும்பியது, குலைப்பின் சத்தம் மெலிந்து கீச்சென்று ஆனது. பிடி நழுவிய அந்த ஒரு நொடியில் மீன்காரரின் கெண்டைக்காலில் பல் பதிந்துவிட்டது. காற்சட்டையில் இரண்டு ஓட்டை, அதிலிருந்து மெல்லிய இரத்தக் கோடு. குழாயடியில் உட்காரவைத்து சவர்க்காரம் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து பதினைந்து நிமிடம் கழுவினேன். பிறகு ஆட்டோவில் ஆஸ்பத்திரி. றொனிக்குத் தடுப்பூசி போட்ட அட்டையையும் கையோடு கொண்டுபோனேன். முழுப்பிழையும் என்னுடையது. எல்லையைக் காக்கப் பிறந்த நாயை எல்லையிலேயே இழுத்துப் பிடித்து அதன் படபடப்பை ஏற்றியவன் நான்தான். சும்மா விட்டிருந்தால் கேற்றுக்குள் நின்று குலைத்துவிட்டு அடங்கியிருப்பான்.

இனி றொட்வைலர். தென் ஜேர்மனியில் றொட்வைல் என்ற ஊரின் இறைச்சி வியாபாரிகள் மாடு ஓட்டவும் வண்டி இழுக்கவும் வைத்திருந்த நாய். மாட்டை அசைக்கவேண்டிய நாய் அல்லவா, உடம்பு அதற்கேற்றது: வளர்ந்த ஆண் ஐம்பது கிலோ வரும். சின்னச் சத்தத்துக்கெல்லாம் அது எழும்பாது. அல்சேஷன் பத்து முறை குலைக்கும் இடத்தில் அண்ணனின் றொட்வைலர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துவிடும்.

அந்த அமைதியில்தான் எனக்குப் பயம். ஒருநாள் அண்ணனின் கூட்டாளி ஒருவர், பழகிய வீடுதானே என்று கேற்றின் கொண்டிக்குள் கை விட்டார். நாய் குலைக்கவில்லை. எழுந்து நின்றது, திறந்திருந்த வாய் மூடியது, வால் அசையாமல் நின்றது, முன்னங்கால் இரண்டிலும் பாரம் இறங்கியது. நான் மதிலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து "கையை எடுங்கோ!" என்று கத்தினேன். எடுத்துவிட்டார். எடுக்காவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு. அந்த நாய் எச்சரித்தது உண்மை. ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு மட்டுமே எச்சரித்தது.

பிள்ளைகளோடு அது நல்ல நாய். அண்ணனின் பேத்தி அதன் முதுகில் தலைவைத்துப் படம் கீறுவாள். ஆனால் அண்ணன் வேலைக்காகச் சில மாதம் கொழும்பில் நின்றபோது அண்ணியின் சொல்லை அது கேட்கவேயில்லை. தெருவில் மற்ற நாயைக் கண்டு இழுத்தால் அண்ணி சங்கிலியை விட்டுவிட வேண்டியதுதான். மருமகனுக்கு நான் அழுத்திச் சொன்னது இதைத்தான்: உன் மனைவியால் பிடித்து நிறுத்த முடியாத நாயை அவளுக்குக் காவலாக விட்டுவிட்டு வேலைக்குப் போகாதே.

டோபர்மனைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஜேர்மனியின் அபோல்டாவில் வரி அறவிட்ட டோபர்மன் என்பவர் தன் துணைக்காக உருவாக்கிய நாய். குட்டை மயிர், எங்கள் வெயிலை அல்சேஷனைவிட நன்றாகத் தாங்கும். ஆளோடு ஒட்டி வாழும் நாய் அது. வளவின் மூலையில் கட்டிப்போட்டால் பதறிப் பதறிக் கெட்டுப்போகும்.

லப்ரடோர் இதற்கெல்லாம் நேரெதிர். நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களோடு தண்ணீரில் வேலை செய்த நாய்களின் வழிவந்தது. உப்புவெளிக் கடற்கரையில் கரைவலை இழுக்கும் நேரம் என் லப்ரடோரை அவிழ்த்துவிட முடியாது. வலை கரைக்கு வரமுன் இவன் வலையிடம் போய்விடுவான். இழுக்கும் இருபது பேரும் அவனுக்கு உறவு. கள்ளனுக்கும் வாலாட்டுவான் என்பதுதான் குறை. சாப்பாட்டு ஆசையும் அப்படியே. 2016 இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், ஏறக்குறைய நான்கில் ஒரு லப்ரடோரில் பசி அடங்காதபடி செய்யும் மரபணுக் குறை இருப்பதைக் கண்டார்கள். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதைவிடச் சாதுவான பெரிய நாய் எனக்குத் தெரியாது. காவல்தான் வேண்டுமென்றால் இது பொருந்தாது.

சரி, சின்ன நாய்கள். 2008 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் முப்பதுக்கும் மேற்பட்ட இனங்களை வளர்ப்பவர்களிடம் கேட்டு ஒப்பிட்டபோது, மனிதரிடமும் மற்ற நாய்களிடமும் அதிகம் சீறுபவையாக முன்னால் வந்தவை டக்ஸ்ஹண்ட், சிவாவா என்ற சின்ன இனங்கள். அகிட்டாவும் பிட்புல்லும் மற்ற நாய்களிடம்தான் முரடாக இருந்தன. லப்ரடோர் சாதுவான வரிசையில் இருந்தது. எனக்கு இதில் வியப்பில்லை. எங்கள் பொமரேனியன் கதிரைக்குக் கீழே இருந்தால் யாரும் கால் நீட்டக்கூடாது. பெரிய நாய் உறுமினால் எல்லோரும் நின்றுவிடுவோம். சின்ன நாய் உறுமினால் சிரித்துக்கொண்டே தூக்குவோம். உறுமி யாரும் கேட்காததால்தான் அது கடிக்கக் கற்றுக்கொள்கிறது.

இன்னொரு பெரிய ஆய்வும் இங்கே முக்கியம். 2022 இல் சயன்ஸ் இதழில் வந்தது. 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தையை வளர்ப்பவர்களிடம் கேட்டு, 2,155 நாய்களின் மரபணுவையும் பார்த்தார்கள். ஒரு தனி நாயின் நடத்தை வேறுபாட்டில் இனத்தால் விளங்குவது சுமார் 9 வீதம்தான். அதிலும் எவ்வளவு சீக்கிரம் சீறும் என்பதை இனத்தை வைத்துச் சொல்லவே முடியாது என்ற அளவுக்கு வந்தது. பிரித்தானியா 1991 இல் நான்கு இனங்களைச் சட்டத்தால் தடுத்தது, 2024 இல் எக்ஸ்எல் புல்லி என்ற பெரிய நாயை விதிவிலக்குச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பதையும் தடுத்தது. இடைப்பட்ட காலத்தில் நாய்க்கடிக்கு ஆஸ்பத்திரி போனவர்களின் தொகை கூடியதே ஒழியக் குறையவில்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு "அப்ப றொட்வைலரும் பொமரேனியனும் ஒன்றுதான்" என்று முடிவுகட்டக் கூடாது. சீறுவது வேண்டுமானால் ஒன்றாக இருக்கலாம். தாடையும் நிறையும் ஒன்றில்லை.

அப்படியென்றால் கடியை எது கூட்டுகிறது? 1994 இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் டென்வர் நகரில் கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கடித்தவற்றில் ஜேர்மன் ஷெப்பேர்ட் கூடுதலாக இருந்தது உண்மை. கூடவே ஆண் நாய், கருத்தடை செய்யாத நாய், வளவில் சங்கிலியில் கிடக்கும் நாய் ஆகியவையும் கூடுதலாக இருந்தன. சங்கிலி எங்கள் ஊர் வழக்கம். கச்சான் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில், மத்தியானம் தகரக் கொட்டிலுக்குள் இரண்டு முழச் சங்கிலியில் கிடக்கும் நாய்க்கு ஓடி ஒதுங்க வழியில்லை. கிட்டப் போகும் பிள்ளையைத் தடுக்க அதனிடம் மிச்சமிருப்பது பல் மட்டும்தான்.

இப்போது ஊர்நாய். மருமகன் முகம் சுளித்தான், "தெருநாயோ மாமா?" என்று. தெருவில் கிடப்பதும் ஊர்நாய் என்ற இனமும் வேறு வேறு. இதை யாரும் ஒரு வேலைக்கென்று இனம்பிரித்து வளர்க்கவில்லை. மனிதரின் ஓரத்தில், மனிதர் போட்டதைத் தின்று, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தது. மனிதரைக் கடித்தது அடிபட்டுச் செத்தது; விலகி நிற்கத் தெரிந்தது குட்டி போட்டது. அதன் சண்டைமுறையே அதற்குச் சாட்சி: கேற்றுக்குள் நின்று ஊரே எழும்பக் குலைக்கும், நீங்கள் ஓரடி வைத்தால் மூன்றடி பின்னால் போய் மறுபடி குலைக்கும். வீட்டுக்காவலுக்கு வேண்டியது அந்தச் சத்தம்தான்.

குறைகள் உண்டு, மறைக்கவில்லை. இரவில் ஐந்தாறு சேர்ந்தால் அதே நாய் வேறு நாய். பெட்டை பருவத்துக்கு வந்த நாட்களில் சைக்கிளில் வருபவரை விரட்டும். கோட்டைப் பக்கத்து மான்கள் இரவில் டவுனுக்குள் இறங்கும்போது துரத்துவதும் இந்தக் கூட்டங்கள்தான். அடிபட்டு வளர்ந்த நாயைக் கொண்டுவந்தால் கையைத் தூக்கினாலே பயந்து கடிக்கும். அந்நியரிடம் சாகும்வரை ஒட்டாத ஊர்நாயும் உண்டு. ஆனால் குட்டியாக எடுத்து, மூன்றாம் மாதம் முடியுமுன் ஆட்டோ, பிள்ளைகளின் சத்தம், குடை பிடித்த ஆள், தாடி வைத்த ஆள் எல்லாவற்றையும் காட்டி, பிறகு கருத்தடையும் செய்து வேலிக்குள் வளர்த்தால், எங்கள் வெயிலுக்கும் எங்கள் வீட்டுக்கும் இதற்கு நிகராக நான் ஒன்றைக் காணவில்லை. பதினைந்து, இருபது கிலோ. யாரும் பிடித்து நிறுத்தலாம்.

எந்த இனமானாலும் குட்டியின் தாயைப் பார்க்காமல் எடுக்கக்கூடாது என்பது என் பிடிவாதம். றொட்வைலர் விற்பவரிடம் தாயைக் காட்டச் சொல்லி மருமகன் கேட்டான். தாய் வேறு இடத்தில் என்று பதில் வந்தது. அடுத்த ஞாயிறு அவனையும் பிள்ளைகளையும் சாம்பல்தீவில் எனக்குப் பழக்கமான ஒரு மீன்வாடிக்குக் கூட்டிப்போனேன். படகுக்குக் கீழே செம்மண் நிறத் தாய், நான்கு குட்டிகள். எங்களைக் கண்டு எழுந்து குலைத்தது. வாடிக்காரப் பெடியன் பேர்சொல்லி அதட்டியதும் வந்து மருமகனின் செருப்பை மணந்தது, பிறகு எங்களுக்கும் குட்டிகளுக்கும் நடுவில் படுத்துக்கொண்டது. பெடியன் ஒரு குட்டியைத் தூக்கி சின்னவளின் மடியில் வைத்தபோதும் எழும்பவில்லை, கண்ணை மட்டும் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.

குட்டிக்கு அப்போது ஆறு கிழமை. இன்னும் இரண்டு கிழமை தாயோடு விடச் சொல்லிவிட்டு வந்தோம். வறுத்த கச்சான் கடலையின் நிறம் என்பதால் சின்னவள் அதற்குக் கச்சான் என்று பேர் வைத்துவிட்டாள். மருமகன் கேற்றின் அடியில் குட்டி நுழையக்கூடிய இடைவெளிக்குப் பலகை அடித்துக்கொண்டிருக்கிறான்.