புக்கிங் டாட் காம்: சிவப்பு எழுத்தை விடுங்கள், சின்ன எழுத்தைப் படியுங்கள்

தேதி இன்னும் உறுதியாகாத பயணம் என்றால் புக்கிங் டாட் காம் என்ற இந்த ஹோட்டல் முன்பதிவுத் தளத்தில் அறை போடுங்கள், தேதி மாறவே மாறாது என்றால் ஹோட்டலுக்கே ஒரு போன் போட்டு விலை கேட்டுவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். என் தீர்ப்பு அவ்வளவுதான்.

1996இல் நெதர்லாந்தில் ஆரம்பித்த நிறுவனம். 2005இல் அமெரிக்காவின் பிரைஸ்லைன் என்ற பயண நிறுவனம் இதை வாங்கியது, 2018இல் வாங்கியவர்களே தங்கள் பெயரை புக்கிங் ஹோல்டிங்ஸ் என்று மாற்றிக்கொண்டார்கள். அகோடா என்ற இன்னொரு முன்பதிவுத் தளமும் இவர்களுடையதுதான், அதனால் இரண்டிலும் விலை பார்த்துவிட்டு இரண்டு போட்டியாளர்களை ஒப்பிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது இலவச ரத்து வசதி. ஒரே அறை பல நேரங்களில் இரண்டு விலையில் இருக்கும். குறைந்த விலையில் பணம் திரும்பி வராது, கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் குறிப்பிட்ட நாள்வரை ரத்து செய்யலாம். அந்தக் கெடு ஹோட்டல் இருக்கும் ஊரின் நேரப்படி, உங்கள் கடிகாரப்படி இல்லை, வெளிநாட்டு அறை என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள். ‘ஹோட்டலில் பணம் செலுத்தலாம்’ என்று இருந்தாலும் சில இடங்களில் கார்டில் முன்கூட்டியே ஒரு தொகையை நிறுத்தி வைப்பார்கள், அதுவும் நிபந்தனைகளில்தான் இருக்கும், யார் படிக்கிறோம்!

விருந்தினர் விமர்சனங்களை ஓரளவு நம்பலாம், தளம் வழியாக அறை போட்டவர்கள்தான் எழுத முடியும். சராசரி மதிப்பெண்ணைவிட, புதியவற்றை மேலே வரவைத்து, குறைந்த மதிப்பெண் கொடுத்தவர்கள் என்ன திட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பதே பயன்.

பிடிக்காதது சிவப்பு எழுத்தில் அவசரப்படுத்துவது. ‘இன்னும் ஒரே அறைதான்’ என்றால் அந்தத் தளத்தில் ஒன்று என்றுதான் அர்த்தம், ஹோட்டலிடம் இன்னும் பத்து காலியாக இருக்கலாம். இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், அதே விலை பிறகும் கிடைக்கும் என்றால் குறுகிய காலச் சலுகை என்று காட்டக் கூடாது என்று ஐரோப்பிய ஆணையம் தலையிட்ட பிறகு, 2019 டிசம்பரில் நிறுவனம் மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு பிரிட்டனில் வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் ஆணையமும் புக்கிங் டாட் காமையும் சேர்த்து ஆறு தளங்களிடம் இதுபோன்ற உறுதிமொழி வாங்கியது. ஆக, பழக்கம் இவர்களுக்கு மட்டும் உரியதல்ல.

நேரடியாகக் கேட்கச் சொன்னதற்குக் காரணம் கமிஷன். தளம் வழியாக வரும் ஒவ்வொரு அறைக்கும் ஹோட்டல் ஒரு பங்கு கொடுக்கிறது, அது மிச்சமானால் விலையைக் குறைக்கவோ காலைச் சாப்பாட்டைச் சேர்க்கவோ சிலர் தயங்குவதில்லை. கேட்டால்தான் கிடைக்கும்.

அறை போட்ட பிறகு ‘உறுதி செய்ய மறுபடி கார்டு எண் கொடுங்கள்’ என்று லிங்க்கோடு செய்தி வந்தால் தொடவே தொடாதீர்கள், ஹோட்டல் கணக்கைத் திருடியவர்கள் தளத்தின் மெசேஜ் பெட்டி வழியாகவே அனுப்புவதும் நடந்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் ஹோட்டலின் எண்ணைத் தனியாகத் தேடிக் கூப்பிடுங்கள். நள்ளிரவில் போய்ச் சேருவதாக இருந்தாலும் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வராதவர் கணக்கில் எழுதிப் பணத்தையும் எடுத்துக்கொள்ள அவர்களுக்கு வழி இருக்கிறது.