காரைக்குடியிலிருந்து லடாக்: ஒரு குளிர்காலச் சுற்றுலாச் சேவை பற்றி

கடந்த ஜனவரியில், காரைக்குடியில் உள்ள ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளர் மூலம் பன்னிரண்டு பேர் எட்டு நாள் பயணமாக லடாக் சென்று வந்தோம். சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லே நகரில் தண்ணீர் ஏறக்குறைய 88 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு எளிதில் வேகாது. அதை அறிந்து, உடன் வந்த சமையற்காரர் பெரிய குக்கர்களைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

பயணத் திட்டத்தை வகுத்ததில்தான் பெரும் பிழை. விமானத்தில் நேராக லேயில் இறங்குபவர்கள், காற்றழுத்தம் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிட்ட அந்த இடத்துக்குப் பழக இரண்டு நாளாவது ஓய்வெடுக்க வேண்டும். எங்களையோ இரண்டாம் நாளே 5,300 மீட்டருக்கு மேலுள்ள கர்துங் லா கணவாய்க்கு ஏற்றினார்கள். என் மனைவிக்குத் தலைவலியும் வாந்தியும் வந்து பாதி வழியிலேயே திரும்பினோம். வயதானவர்களை அழைத்துச் செல்பவர்கள் இப்படிச் செய்யவே கூடாது.

லேயில் கர்சூ குளம் உறைந்து ஐஸ் ஹாக்கித் திடலாகியிருந்தது. பனிச்சறுக்குக் காலணியின் இரும்பு விளிம்பு பனியைச் சீவிக்கொண்டு போகும் ஓசையைக் கேட்டபடி, அங்கு ஆடிய சிறுமிகளை ஒரு மணி நேரம் பார்த்தோம். இந்திய மகளிர் அணியில் பெரும்பாலோர் லடாக் பெண்களாக இருப்பதன் காரணம் அங்கே விளங்கியது.

கார்கிலில் உள்ள முன்ஷி அஜீஸ் பட் அருங்காட்சியகத்துக்கு அரை மணி நேரமே ஒதுக்கியிருந்தார்கள். மத்திய ஆசிய வணிகத்தில் ஈடுபட்டிருந்த அவர் கட்டிய சத்திரத்தில் எஞ்சிய பொருள்களைக் கொண்டு, அவருடைய குடும்பத்தாரே 2004-இல் தொடங்கிய இடம் அது. குதிரைச் சேணங்களையும் கம்பளங்களையும் கடந்து, பழைய வணிகக் கடிதங்களின் முன் நின்றபோது என்னால் நகர முடியவில்லை. பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, போன எங்கள் ஐயா எழுதிய கடிதங்களும் பேரேடுகளும் எங்கள் வளவு வீட்டில் ஒரு பெட்டகத்துக்குள் பூச்சி அரித்துக் கிடக்கின்றன. இங்கோ ஒரு குடும்பம் தன் முன்னோரின் தாள்களைக் கண்ணாடிக்குள் வைத்துக் காக்கிறது. ஒரு கடிதத்தின் மடிப்பு விழுந்த ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேன் புறப்படுவதாக அழைப்பு வந்துவிட்டது.

முதல் இரண்டு நாள் ஓய்வும் கார்கிலில் அரை நாளும் தருவதாக எழுதிக் கொடுத்தால், அடுத்த ஜனவரிக்கும் இவர்களிடமே பணம் கட்டுவேன்.