கூட்டுத்தொகையில் விட்டுப்போன 430 ரூபாய்: ரஸ்ட்டில் எக்ஸெல் கோப்பு எழுதிய அனுபவம்

கேரளத்தின் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் உள்ள ஒரு பால் சங்கத்துக்குப் பட்டுவாடாப் பட்டியல் எடுக்கும் நிரலை ரஸ்ட் நிரல்மொழியில் எழுதி ஓராண்டுக்கு மேல் ஆகிறது. எக்ஸெல் கோப்பை உருவாக்க ஜான் மெக்நமாரா எழுதிய ‘ரஸ்ட் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ரைட்டர்’ என்ற நிரல் நூலகத்தை (ஆயத்த நிரல்களின் தொகுப்பு) பயன்படுத்துகிறேன். தப்பான தரவைக் கொடுத்தால் என்ன செய்கிறது என்று முதல் வாரத்திலேயே சோதித்தேன்.

வரம்புகளில் அது கறார். ஷீட்டின் பெயரில் சாய்கோடு இருந்தால் பிழை. ஒரு கட்டத்தில் 32,767 குறிகளுக்கு மேல் போனாலும் பிழை. ஷீட்டின் பெயருக்கு எக்ஸெல் தரும் இடம் 31 குறிகள்தான். தமிழில் எழுதுபவர்கள் இங்கே கவனிக்க வேண்டும்: ‘கொழிஞ்சாம்பாறை’ நமக்கு 7 எழுத்து, யூனிகோடு கணக்கில் 14. ‘கொழிஞ்சாம்பாறை காலைப் பட்டுவாடா’ சரியாக 31-இல் நின்றது. கடைசியில் ஓர் ‘1’ சேர்த்ததும் நூலகம் மறுத்துவிட்டது. அந்தச் சோதனையை இன்றும் வைத்திருக்கிறேன்.

அடி விழுந்தது வேறிடத்தில். ஒரு நாள் செயலாளர் அழைத்தார்: “தம்பி, அடியில் உள்ள கூட்டுத்தொகையில் 430 ரூபாய் குறைகிறதே?” மாடு வற்றிப்போனதால் அந்தப் பட்டியலுக்குரிய பத்து நாளும் பால் ஊற்றாத ஒருவருக்கு, முந்தைய ஊக்கத்தொகை 430 ரூபாய் பாக்கி இருந்தது. அவருடைய சராசரிக் கொழுப்பைக் கணக்கிட என் நிரல் சுழியைச் சுழியால் வகுத்திருக்கிறது. முழு எண்ணாக இருந்திருந்தால் ரஸ்ட் அங்கேயே நின்றிருக்கும். தசம எண்ணில் ‘நேன்’, அதாவது எண்ணே அல்லாத ஒரு மதிப்பு, சத்தமில்லாமல் பிறந்துவிடுகிறது. கொழுப்பை வைத்துப் போடும் பால் தொகையும் அதனால் நேன் ஆனது; அதோடு 430-ஐக் கூட்டினாலும் நேன்தான்.

எக்ஸெலில் நேனை எண்ணாகச் சேமிக்க வழியில்லை. அதனால் நூலகம் அதை ஒரு சொல்லாக எழுதுகிறது. பிழை எதுவும் திருப்புவதில்லை. ஆவணத்திலேயே சொல்லியிருக்கிறார்கள், படிக்காதது என் தவறு. எக்ஸெலின் கூட்டல் வாய்பாடு, சொல் இருக்கும் கட்டத்தைத் தாண்டிப் போய்விடுகிறது.

பிழை திரும்புகிறதா என்று மட்டும் பார்த்த என் சோதனைகள் எல்லாமே பச்சை காட்டின. இப்போது கோப்பைச் சேமித்தபின் ‘கேலமைன்’ நூலகத்தால் திறந்து, தொகைக் கட்டம் ஒவ்வொன்றும் எண்தானா என்று பார்க்கிறேன். எழுதுவதற்கு முன்னும் ஒரு காவல் வைத்தேன்: தொகை முடிவுள்ள எண்ணாக (நேனோ முடிவிலியோ அல்லாததாக) இல்லையென்றால் உறுப்பினர் எண்ணோடு பிழை வரும். லிட்டர் சுழி என்றால் சராசரியே போடுவதில்லை.

நூலகத்தை மாற்றும் எண்ணம் எனக்கில்லை. அந்த உறுப்பினரின் வரிசையில் இப்போது லிட்டர் 0, தொகை 430 என்று எண்ணாகவே விழுகிறது.