மூடியை மூடினால் இரண்டு மானிட்டரும் ஓடும் என்று சொல்லி விற்கப்படும் டாக்: பணம் கட்டும் முன் படியுங்கள்

மடிக்கணினியின் மூடியை மூடிவைத்துவிட்டு, வெளியே இரண்டு மானிட்டர்களை இணைத்து வேலை செய்ய நினைப்பவர்கள், டாக் (மானிட்டர் போன்றவற்றை ஒரே கேபிள் வழியாகக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வாங்குவதற்கு முன் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். என் ஒரு மாதச் சம்பளத்தில் சரிபாதியை ஓர் இணைய விற்பனைத் தளத்தின் விற்பனையாளர் பறித்துக்கொண்டார். என் கணினியால் செய்யவே முடியாத ஒன்றைச் செய்து தரும் என்று எழுத்திலேயே உறுதி கொடுத்துத்தான் அந்தப் பொருளை என் தலையில் கட்டினார். பணத்தைத் திருப்பித் தர இயலாது என்ற இறுதிப் பதில் இன்று காலைதான் வந்தது. ஆத்திரம் அடங்கவில்லை, ஆனாலும் இன்னொருவர் இதே வலையில் விழுந்துவிடக் கூடாது என்பதால் உடனே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 2020இல் வெளிவந்த, எம் 1 சில்லு (சிப்) கொண்ட ஆப்பிளின் மேக்புக் ஏர். டாக் ஒன்றும் மானிட்டர் ஒன்றும் சேர்ந்த தொகுப்பாக அந்தப் பொருள் விற்பனைக்கு இருந்தது. ஏற்கெனவே இருக்கும் மானிட்டரோடு அதையும் சேர்த்தால் இரண்டாகிவிடும் என்பது கணக்கு. விற்பனைப் பக்கத்தில் போட்டிருந்ததை மட்டும் நம்பி நான் வாங்கவில்லை. கணினியின் பெயர், ஆண்டு, சில்லு மூன்றையும் குறிப்பிட்டு, மூடியை மூடிய நிலையில் இரண்டு மானிட்டர்களிலும் வெவ்வேறு காட்சிகள் வருமா என்று விற்பனையாளரிடம் நேரடியாகக் கேட்டேன். சற்று நேரத்திலேயே பதில் வந்தது. "மூடி திறந்திருந்தால் ஒரு மானிட்டர்தான் வரும், மூடிவிட்டால் கணினியின் சொந்தத் திரை அணைந்துவிடும், அந்த இடம் இரண்டாவது மானிட்டருக்குக் கிடைத்துவிடும், கவலையில்லாமல் வாங்குங்கள்" என்று எழுதியிருந்தார்.

இந்தப் பதில்தான் என்னை நம்ப வைத்தது. வெறுமனே "வரும்" என்று மட்டும் சொல்லியிருந்தால் இன்னும் நாலு இடத்தில் விசாரித்திருப்பேன். காரணத்தோடு, விவரம் தெரிந்தவரின் நிதானத்தோடு சொன்னதால் சந்தேகம் எழவே இல்லை. அவர் சொன்ன அந்தக் காரணம் உண்மையில் இருக்கிறது என்பதுதான் கொடுமை. 2024இல் வந்த எம் 3 மேக்புக் ஏர், மூடியை மூடினால் இரண்டு வெளி மானிட்டர்களை ஏற்கும். எம் 1 ஏரும் எம் 2 ஏரும் அப்படியல்ல. மூடி திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் அவற்றுக்கு வெளி மானிட்டர் ஒன்றே ஒன்றுதான். வேறொரு மாடலின் திறனை எடுத்து என் மாடலின் மேல் ஒட்டி விற்றிருக்கிறார்.

பொருள் வந்து இணைத்துப் பார்த்தால், இரண்டு மானிட்டரிலும் ஒரே காட்சி. ஒரு சாளரத்தை நகர்த்தினால் இரண்டிலும் சேர்ந்து நகர்கிறது. ஒற்றைக் கேபிளில் வரும் சிக்னலை டாக் இரண்டாகப் பிரித்துக் கொடுக்கும் இந்த முறையில், விண்டோஸ் கணினி இரு மானிட்டர்களுக்கும் தனித்தனிக் காட்சிகளைத் தரும். மேக் ஒரே காட்சியைத்தான் இரண்டிலும் காட்டும். ஆகவே நான் எம் 3 வைத்திருந்தாலும்கூட இந்த டாக்கின் அந்த ஒற்றைக் கேபிளால் பயன் இருந்திருக்காது. இது போதாதென்று, பக்கத்தின் படத்தில் டாக்கோடு இருந்த சார்ஜர் பெட்டியில் இல்லை. மேக்கை மூடியபடி பயன்படுத்த மின்னிணைப்பும் வெளி விசைப்பலகையும் மவுஸும் வேண்டும். என் கணினியின் சிறிய சார்ஜரை டாக்கில் செருகியபோது, டாக் தன் தேவைக்கு எடுத்தது போக மீதி மின்சாரம்தான் கணினிக்குப் போயிற்று. சார்ஜ் ஏறுவது அடிக்கடி நின்றது. நின்றபோதெல்லாம் மூடிய கணினி உறக்கத்துக்குப் போய், கையிலிருந்த வேலை அப்படியே அறுந்தது.

புகார் செய்ததும் அலைக்கழிப்பு தொடங்கியது. முதலில் கேபிளை மாற்றிப் பார்க்கச் சொன்னார்கள். பிறகு இயங்குதளத்தைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். அதன்பின் ஒரு மென்பொருளுக்கு இணைப்பு அனுப்பினார்கள். அது, மென்பொருளின் உதவியோடு கூடுதல் மானிட்டருக்குக் காட்சியை அனுப்பும் டிஸ்ப்ளேலிங்க் என்ற சில்லு உள்ள டாக்குகளுக்கானது. அந்த வகை டாக்குகளால் எம் 1 கணினியிலும் இரண்டு மானிட்டர்களை ஓட்ட முடியும் என்பது உண்மைதான். ஆனால் எனக்கு விற்ற டாக்கில் அந்தச் சில்லே கிடையாது, மென்பொருளும் அதைக் கண்டுகொள்ளவில்லை. தான் விற்கும் பொருளுக்குள் என்ன இருக்கிறது என்றே தெரியாதவரிடம் என் அரை மாத உழைப்பைக் கொடுத்திருக்கிறேன்!

இவர்கள் சொன்ன சோதனைகளையெல்லாம் செய்து முடித்தபோது, "திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டது" என்றார்கள். அந்தக் காலத்தை வீணாக்கியவர்களே அவர்கள்தானே? விற்பனையாளர் எழுதிக் கொடுத்த உறுதியைப் படமெடுத்துத் தளத்தின் உதவிப் பிரிவுக்கு அனுப்பினேன். "டாக் இயங்குகிறது, மானிட்டரும் இயங்குகிறது, எனவே பழுதான பொருளாகக் கருத இயலாது" என்று பதில். பழுது என்று நான் சொல்லவே இல்லை. பொய் சொல்லி விற்றார்கள் என்பதுதான் என் புகார். அதற்கு ஒவ்வொரு முறையும் வேறொருவர் வந்து, முதலிலிருந்து விவரம் கேட்டு, மேலிடத்துக்கு அனுப்பியிருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். இன்று காலை மேலிடத்தின் பதிலும் வந்துவிட்டது. அரை மாதச் சம்பளம் போயே போய்விட்டது. அந்தப் பக்கத்தில் "எல்லா மடிக்கணினிகளுக்கும் இரட்டைத் திரை" என்ற வரி இப்போதும் அப்படியே இருக்கிறது.

என்ன வாங்கலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன்; இப்போது அந்த மனநிலை இல்லை. உங்கள் மாடல் எத்தனை வெளி மானிட்டர்களை ஏற்கும் என்பதைத் தயாரிப்பாளரின் விவரக்குறிப்பில் மட்டுமே பாருங்கள், விற்பவரிடம் கேட்காதீர்கள். யுஎஸ்பி சி துளை இருந்தாலே காட்சி வந்துவிடாது, சில துளைகள் சார்ஜுக்கும் தரவுக்கும் மட்டுமே. விண்டோஸில் மூடியை மூடினால் ஒன்றும் செய்யாதே என்று மின்சக்தி அமைப்பில் மாற்றியவர்கள், அதே நிலையில் கணினியைப் பைக்குள் வைத்துவிடாதீர்கள். உள்ளேயே ஓடிச் சூடாகும். மிக முக்கியமாக, சொன்னபடி இயங்கவில்லை என்று தெரிந்த அன்றே திருப்பி அனுப்பும் கோரிக்கையைப் பதிவு செய்யுங்கள். கேபிளை மாற்றிப் பாருங்கள் என்று அவர்கள் சொல்வதையெல்லாம் அதற்குப் பிறகு செய்துகொள்ளலாம்.