டிங்கிக்குக் 'குணமானவர் பிளாஸ்மா' என்று கேட்டால் காசு கட்டாதீர்கள்

4,800 வெள்ளி. நேற்று அக்காள் வீட்டில் கறந்துவிட்டார்கள். மகன் டிங்கியோடு கோலாலம்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருக்கிறான். பிளேட்லெட் (ரத்தத்தை உறைய வைக்கும் அணு) இறங்குகிறது, ரத்தம் வேண்டும் என்று ஃபேஸ்புக்கில் போட்டதும் வந்து ஒட்டிக்கொண்டது ஒரு வாட்சாப் 'டோனர் ஏஜென்சி'. பெயர் எழுதிப் பயனில்லை, நாளைக்கே வேறு பெயரில் வருவார்கள்.

போனில் ஒரு பெண், அவ்வளவு பதமான பேச்சு. "அக்கா, அழாதீங்க. டிங்கி வந்து குணமானவங்க பிளாஸ்மாவுல எதிர்ப்புச் சக்தி ரெடியா இருக்கும். கோவிட்ல இதைத்தான ஏத்துனாங்க?" கையோடு ஒரு படம்: மேசைமேல் மஞ்சள் பை, ஒரு லேபிள். "ஓ குரூப்புக்கா, யாருக்கு வேணாலும் ஏத்தலாம்." அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பணம் போனது.

பையன் பி பாசிட்டிவ். ஓ எல்லோருக்கும் பொருந்துவது சிவப்பணுவில் மட்டும். ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் கணக்கு தலைகீழ்: ஓ பிளாஸ்மாவில் ஏ, பி இரண்டுக்கும் எதிரணு (ஆன்டிபாடி) இருக்கும், பி நோயாளிக்கு ஏற்றினால் அவன் சிவப்பணுவையே உடைக்கும். எல்லோருக்கும் பொருந்துவது ஏபி பிளாஸ்மா. சேமித்து வைக்கிற பிளாஸ்மா மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே கல்லாக உறைந்திருக்கும். ஏற்றுவதற்குச் சற்று முன்புதான் 37 டிகிரி நீரில் உருக்குவார்கள், உருக்கியதைக் குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும். படத்தில் இருந்த பை மேசைமேல் தளதளவென்று கிடக்கிறது. லேபிளில் தான எண் இல்லை, காலாவதித் தேதி இல்லை.

கோவிட் கதையும் அரைகுறை. பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில் 11,558 பேர். பிளாஸ்மா ஏற்றியவர்களிலும் ஏற்றாதவர்களிலும் 28 நாளில் இறந்தது அதே 24 சதவீதம். கடுமையாகாதவர்களுக்கு வேண்டாம், கடுமையானவர்களுக்கு ஆய்வுக்குள் மட்டும் என்று 2021 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. உண்மையாக வேலை செய்தது அர்ஜென்டினா ரத்தக்கசிவுக் காய்ச்சலில். 1979இல் வெளியான ஆய்வில் இறப்பு 16.5 சதவீதத்திலிருந்து 1.1 ஆனது. அதுவும் நோய் கண்ட எட்டு நாளுக்குள் கொடுத்தவர்களுக்கு.

டிங்கி அப்படியில்லை. நான்கு வகை வைரஸ். ஒரு வகைக்கு உண்டான எதிரணு இன்னொரு வகை வைரஸ் செல்லுக்குள் நுழையக் கதவைத் திறந்துவிடலாம். காய்ச்சல் இறங்குகிற நேரத்தில் ரத்தக் குழாய் கசியும். அப்போது ஹீமட்டோகிரிட்டை (ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு) பார்த்துப் பார்த்து டிரிப்பை அளந்து விடுவதுதான் வைத்தியம். தேவையில்லாமல் ஒரு பை ஏற்றினால் நீர் நுரையீரலுக்குப் போகும்.

பிறகு நடந்த நாடகம்: "டோனர் கிளம்பிட்டாரு, ஜேம்." "டைட்டர் பத்தல, வேற டோனர் பாக்குறோம், இன்னும் 1,500 போடுங்க." டைட்டர் என்றால் எதிரணுவின் அளவு; அதற்கு லேப் ரிப்போர்ட் எங்கே என்றால் பதில் இல்லை. "ரீஃபண்ட் 14 வேலை நாள்." அதற்கப்புறம் பிளாக். 4,800 வெள்ளி!

அவசரத்தில் எழுதுகிறேன். ரத்தமோ பிளாஸ்மாவோ டாக்டர் எழுதி, மருத்துவமனை ரத்த வங்கி வழியாகத்தான் வரும், கட்டணம் இருந்தால் மருத்துவமனை பில்லில் இருக்கும். தனியாள் கணக்குக்குப் போடாதீர்கள். கணக்கு எண்ணை, மோசடிக் கணக்கா என்று காட்டும் போலீஸின் செமாக் மூல் (Semak Mule) தளத்தில் தட்டிப் பாருங்கள். பணம் போட்டுவிட்டால் உடனே மோசடிப் புகார் எண் 997க்குப் போன், பிறகு போலீஸ் ரிப்போர்ட். சாட்டை முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அவர்கள் பக்கத்தில் பாதி மெசேஜ் இப்போதே அழித்தாகிவிட்டது.